பிஷப் வீட்டுப் பாசி

பாசி ஒழிப்பவர் என்று ஓர் இனம் உண்டு. எங்கள் தீவின் கடற்கரை ஊரான மயாகுவேஸில் தெருவுக்கு ஒருவராவது தேறுவார். வெளியில் பார்த்தால் தெரியாது. வேலைக்குப் போவார், வரி கட்டுவார், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கடைசி வரிசையில் உட்கார்ந்து கொட்டாவி விடுவார், தேர்தல் வந்தால் எல்லாரையும் போலக் கத்துவார். ஆனால் வலது கைச் சட்டையைக் கவனியுங்கள். எப்போதும் முழங்கைக்கு மேலே மடித்திருக்கும். கல்யாணத்தில்கூட இறக்கிவிட மறந்துவிடுவார்.

இவர் வீட்டுக் கூடத்தில், டி.வி. இருக்க வேண்டிய இடத்தில், ஒரு கண்ணாடித் தொட்டி இருக்கும். ரொம்பப் பெரிதில்லை. நாலு பேர் குடும்பத்துக்குச் சோறு வடிக்கும் அடுப்பு அளவுதான். அதற்குள் உப்புத் தண்ணீர், சில பாறைகள், பாறைமேல் ஒட்டவைத்த பவளங்கள், ஓயாமல் தண்ணீரைக் கலக்கும் இரண்டு மோட்டார்கள், ஒரு நீல விளக்கு. கடல் அவ்வளவு தூரமா என்று கேட்பீர்கள். கடல் தெருக்கோடியில்தான் இருக்கிறது. சும்மா கிடக்கிற கடலை விட்டுவிட்டு, மூட்டை மூட்டையாய் உப்பு வாங்கி, வடிகட்டிய தண்ணீரில் கரைத்து, குளிர்ச்சி பார்த்து, கரிப்புப் பார்த்து, கூடத்துக்குள் ஒரு கடல் செய்து, அந்தக் கடலில், நிஜக் கடலில் இருக்கிற ஒன்று மட்டும் இருக்கக் கூடாது என்று மல்லுக்கட்டுகிறவரை என்னவென்று சொல்வது?

அந்த ஒன்றுதான் பாசி.

விருந்தாளி யாராவது வந்து, "அடடா, மீன் எவ்வளவு அழகு!" என்று சொல்லட்டும். இவர் முகம் சுண்டிப்போகும். "மீனை விடுங்க. அந்த இடது மூலையைப் பாருங்க. போன வாரம் அங்க ஒண்ணுமே இல்ல" என்பார். விருந்தாளி மூலையைப் பார்ப்பார். பச்சையாக, குழந்தையின் முதல் முடி மாதிரி, ஏதோ அசையும். "ஓ" என்பார். அந்த ஒரு "ஓ" போதும், இவர் அன்று முழுக்கச் சாப்பிடமாட்டார்.

இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? என் பெயர் எரிபெர்த்தோ. சட்டைக் கை மடித்துத்தான் இருக்கிறது.

எங்கள் இனத்தின் ஆயுதம் பழைய பல்துலக்கி. பாறையைத் தேய்க்க அதைவிட நல்ல கருவி இன்னும் பிறக்கவில்லை. அதனால் எங்கள் வீட்டுக் குளியலறைக் குவளையில் ஆட்களைவிடத் துலக்கிகள் அதிகம். என் மாமியார் பிரவுலியா எங்களோடு தங்க வந்த புதிதில் ஒருநாள் காலையில் வாயைக் கொப்பளித்துவிட்டு, "மாப்ளே, இந்தப் பற்பசை உப்புக் கரிக்குதே, விலை கூடின சாமானா?" என்று கேட்டார். "ஆமா அத்தை, ஈறுக்கு நல்லது" என்று சொல்லிவிட்டு நழுவினேன். இன்றுவரை அவர் ஈறுக்கு ஒரு குறையும் வரவில்லை.

எங்கள் மதத்தில் பிரிவுகள் பல. பிராணிகளை விட்டால் பாசியைத் தின்றுவிடும் என்பவர்கள் ஒரு பிரிவு. நானும் அதில் இருந்தேன். நத்தைகள் விட்டேன், அவை பாசியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் தின்றன. நண்டுகள் விட்டேன், அவை நத்தைகளைத் தின்றன. உடம்பெல்லாம் முள்ளாக ஊர்ந்து திரியும் கடல் முள்ளுருண்டை ஒன்று வாங்கி விட்டேன், அது என் பவளத் துண்டுகளைப் பிய்த்துத் தலையில் தொப்பியாக வைத்துக்கொண்டு தொட்டியைச் சுற்றி ஊர்வலம் போயிற்று. அப்புறம் சொட்டு மருந்துப் பிரிவில் சேர்ந்தேன். அப்புறம் விளக்கைக் குறைக்கும் பிரிவு. தீனியைக் குறைக்கச் சொல்லும் பிரிவும் ஒன்று உண்டு. அதில் எங்கள் ஊரில் ஆள் சேராது. பிரவுலியா அத்தை வீட்டில் உயிருள்ள எதுவும் சாப்பிடாமல் இருக்க முடியுமா? காலையில் நான் ஒரு சிட்டிகை போடுவேன். "பாவம், பாத்துக்கிட்டே இருக்கு" என்று அத்தை ஒரு சிட்டிகை. அத்தை போட்டது தெரியாமல் என் மனைவி ஆவில்தா ஒரு சிட்டிகை. எல்லாரும் போட்டார்களே, நாம் போட்டோமா என்று சந்தேகம் வந்து மறுபடி நான். மிஞ்சிய தீனி அழுகி உரமாகும், உரத்தில் பாசி செழிக்கும். நான் விளக்கைச் சந்தேகப்படுவேன்.

சோதனை வேறு உண்டு. அந்த உரத்துக்குப் பெயர் பாஸ்பேட். தொட்டித் தண்ணீரைச் சின்னக் குழாயில் பிடித்து, மருந்து விட்டுக் குலுக்கி, நிறம் வருகிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்க்க வேண்டும். எனக்கு நிறமே வராது. "பூஜ்யம்! தண்ணீர் சுத்தம்!" என்று கூவுவேன். பின்னால் தொட்டி புல்வெளியாக நிற்கும். இருக்கிற உரத்தையெல்லாம் பாசி தின்றுவிட்டதால்தான் தண்ணீரில் மிச்சமில்லை என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். எங்கள் தொட்டிக்காரர்கள் குழுவில் எத்தனையோ பேருக்கு நானே விளக்கியிருக்கிறேன்.

ஆவில்தா இதையெல்லாம் பார்த்துப் பார்த்து ஓய்ந்துபோனாள். "கடலே பாசியோடதான் கிடக்கு எரிபெர்த்தோ. கடலுக்கே இல்லாத வெக்கம் உனக்கு என்ன?" என்பாள். அவளுக்கு வேண்டியது தொட்டியில் ஒரே ஒருவர்தான். பிஷப். முன்பாதி ஊதா, பின்பாதி மஞ்சள், விரல் நீள மீன். ஊதா அங்கி போட்டிருப்பதால் அவள் வைத்த பெயர் அது. அவள் வேலை முடிந்து வந்து கைப்பையை வைக்கும் சத்தம் கேட்டால் பாறைக் குகையிலிருந்து வெளியே வருவார். எனக்கு வரமாட்டார். நான் கையை விட்டாலே உள்ளே போய்விடுவார், என்னிடம் எப்போதும் துலக்கி இருப்பதால்.

இப்படி இருக்கையில் வந்தது எங்கள் முறை. எங்கள் பவளத்தொட்டி நண்பர்கள் குழுவில் மாதத்துக்கு ஒரு ஞாயிறு ஒருவர் வீட்டுக்கு எல்லாரும் போய்த் தொட்டியைப் பார்த்து, எண்ணெயில் பொரித்த இறைச்சி அப்பங்களைத் தின்றுவிட்டு, மனத்துக்குள் குறை சொல்லிக்கொண்டு திரும்புவது வழக்கம். எதிர் வீட்டு எலியுத் வீட்டில்தான் போன கூட்டம் நடந்தது. ஐயோ, அந்தத் தொட்டி! கண்ணாடிபோல் இருந்தது. குழுவில் தினமும் படம் வேறு போடுவான். யாராவது பாசி என்று அழுதால், "பாஸ்பேட் எவ்வளவு அண்ணே?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்பான். போலீஸ்காரன் லைசன்ஸ் கேட்பதுபோல் இருக்கும். என் வயிறு எரிந்தது. ஆகவே புதன்கிழமை நான் கடைசிப் பிரிவில் சேர்ந்தேன். இருட்டுப் பிரிவு.

அதாவது விளக்கை அணைத்து, தொட்டியைக் கறுப்புத் துணியால் சுற்றி மூடிவிடுவது. வெளிச்சமில்லாமல் பாசி பட்டினியில் சாகும், ஞாயிறு காலையில் துணியை எடுத்தால் வெள்ளைப் பாறை. கூடத்து ஜன்னல் பலகைகளையும் இறக்கிவிட்டேன். வீடு சாவு வீடு மாதிரி ஆயிற்று.

"பிஷப்பு?" என்றாள் ஆவில்தா.

"மீனுக்கு ஒண்ணும் ஆகாது. தூங்குவாரு."

"பாசி போகட்டும், இருக்கட்டும், எனக்குக் கவலையில்ல. அவருக்கு ஏதாவது ஆச்சு, தொட்டி தெருவுக்குப் போகும். கூடவே நீயும் போவ."

வெள்ளிக்கிழமை காலையில் கரண்டு போயிற்று. எங்கள் தீவில் கரண்டு போவது ஒரு செய்தியே இல்லை. தெரு முழுக்கத் திட்டு. எதிர் வீட்டில், பக்கத்து வீட்டில், மாடியில், பிறந்த குழந்தை தவிர எல்லாரும் மின்சாரக்காரர்களின் பரம்பரையை இழுத்துத் திட்டிக்கொண்டிருந்தார்கள். நான் ஒருவன் மட்டும் முன்வாசலில் நின்று சிரித்தேன். ஊருக்கே இருட்டு வைத்தியம்! நான் துணி போட்டு மூடியது போதாதென்று அரசாங்கமே வந்து உதவுகிறது!

"மாப்ளைக்கு என்ன ஆச்சு?" என்று அத்தை கேட்டார்.

"சந்தோஷம் அத்தை, சந்தோஷம்!"

இந்த இடத்தில் உங்களுக்குப் புரிந்துவிட்டது. எனக்குப் புரிய மத்தியானம் ஆயிற்று. விளக்குதான் நான் அணைத்தது. மோட்டார்கள் ஓடிக்கொண்டிருந்தன. கரண்டு போனதும் அவையும் நின்றுவிட்டன. தண்ணீர் அசையாவிட்டால் மீனுக்கு மூச்சு ஏது? சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு, பாசி எவ்வளவு செத்தது என்று பார்க்கத்தான் துணியின் ஓரத்தைத் தூக்கினேன். பிஷப் தண்ணீரின் மேல்மட்டத்தில் வாயைப் பிளந்துகொண்டு தொங்கினார். ஊதா அங்கி வெளுத்துவிட்டது.

பாட்டரியில் ஓடும் காற்றுமோட்டார் ஒன்று இதற்கென்றே வாங்கி வைத்திருந்தேன். எடுத்தேன். உள்ளே பாட்டரி இல்லை.

"அத்தை, இதுல இருந்த பாட்டரி?"

"ரேடியோவுல போட்டேன் மாப்ளே. ஜெபமாலை கேக்க."

"அதக் கழட்டிக் குடுங்க!"

"அது தீந்துபோச்சே."

ஒரு குவளையை அத்தை கையில் திணித்தேன். "தண்ணிய மொண்டு மொண்டு உசரத்துலேர்ந்து ஊத்திக்கிட்டே இருங்க, நிறுத்தாதீங்க!" என்று கத்திவிட்டு எதிர் வீட்டுக்கு ஓடினேன். எலியுத்திடம் ஜெனரேட்டர் இருக்கிறது. ஒரு வயர் இழுத்தால் போதும். யாரிடம் கேட்கக் கூடாது என்று நினைத்திருந்தேனோ அவனிடமே.

கதவு திறந்தேயிருந்தது. எலியுத் முதுகைக் காட்டிக்கொண்டு தன் தொட்டியில் குவளையால் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தான்.

"ஜெனரேட்டர் எங்கடா?"

"பெட்ரோல் இல்லண்ணே. பங்க்ல வரிசை கடற்கரை வரைக்கும் நிக்குது."

அவன் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வலது பக்கம், படத்தில் வரும் பக்கம், கண்ணாடி. இடது பக்கம் காடு. என் வீட்டுப் பாசி அதன் முன்னால் கைக்குழந்தை.

"கூட்டத்தன்னைக்கு...?"

"ரெண்டு நாள் தேய்ச்சேன்" என்றான் தலையைக் குனிந்து. "தோள்பட்டை இன்னும் வலிக்குதுண்ணே. யார்கிட்டயும் சொல்லிராதீங்க."

என் வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக ஒரு மூச்சு விட்டதில்லை. வீட்டில் பிஷப் மூச்சுக்குத் தவிக்கிறார், நான் எலியுத் வீட்டுப் பாசியைப் பார்த்து ஆனந்தப்பட்டு நிற்கிறேன்! "இது எந்த ஜாதிப் பாசிடா?" என்றுகூடக் கேட்டுவிட்டேன். நல்லவேளை, உடனே வெட்கம் வந்தது. வீட்டுக்கு ஓடினேன்.

கரண்டு இல்லாததால் ஆவில்தா வேலையிலிருந்து சீக்கிரமே வந்துவிட்டிருந்தாள். கைப்பை தரையில் கிடந்தது. கறுப்புத் துணி கிழிந்து ஒரு மூலையில் கிடந்தது. ஜன்னல் பலகைகளை மொத்தமாகத் திறந்துவிட்டிருந்தாள். மேற்கு வெயில் நேரே தொட்டிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

என் வாயிலிருந்து வந்த முதல் சொல் என்ன தெரியுமா? பிஷப் என்றா? இல்லை.

"ஐயோ, ஜன்னல மூடு! பாசி வளரும்!"

ஆவில்தா திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை இங்கே எழுத முடியாது.

"வாய மூடிக்கிட்டு வந்து பாரு" என்றாள்.

பார்த்தேன். பாறைமேல் இருந்த பச்சை முடி ஒவ்வொன்றிலும் குண்டூசித் தலை அளவு முத்துக் குமிழ்கள். நூறு நூறாய் வெயிலில் பளபளத்து, பிரிந்து, மேலே போய்க்கொண்டிருந்தன. வெயில் பட்டால் பாசி மூச்சுக்காற்றை விடும். பள்ளிக்கூடத்துப் பாடம்தானே? ஒருபக்கம் அத்தை விடாமல் ஊற்றிக்கொண்டிருந்தார், கை நோகிறது என்று ஒரு வார்த்தை இல்லை. இன்னொரு பக்கம், நான் ஒரு வருஷமாகக் கொல்லப் பார்த்த அந்தப் பச்சை முழுவதும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அதன் நடுவில், இடது மூலையில், நான் விருந்தாளிக்குக் காட்டி அவமானப்படும் அதே மூலையில், அடர்ந்த பாசிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு பிஷப் நின்றார். வாய் மெல்ல மெல்ல அசைந்தது. அங்கி கொஞ்சம் கொஞ்சமாய் ஊதாவாகிக்கொண்டிருந்தது.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் கலங்கிவிட்டது.

பொழுது சாயும் முன் தெரு முழுக்க, "வந்துருச்சு! வந்துருச்சு!" என்று ஒரே கூச்சல். மோட்டார்கள் உறுமின. பிஷப் தன் குகைக்குப் போனார். அத்தை குவளையைக் கீழே வைத்துவிட்டு, "பாவம், களைச்சுப்போச்சு" என்று ஒரு சிட்டிகை தீனி போட்டார்.

"ஞாயித்துக்கிழமை அந்தப் பாசி இப்படியே இருக்கணும்" என்றாள் ஆவில்தா. "வர்றவங்க பாக்கட்டும். தொட்ட, பாத்துக்க." வீட்டிலிருந்த துலக்கிகளையெல்லாம் எங்கோ ஒளித்துவைத்தாள். அன்று எல்லாரும் விரலால் பல் தேய்த்தோம்.

ஞாயிறு வந்தது. நண்பர்கள் வந்தார்கள். தொட்டியைப் பார்த்தார்கள். "ஓ" என்றார்கள். அப்பம் மெல்லும் சத்தம் மட்டும் கேட்டது. அதற்கு நடுவே எலியுத், ஆமாம், அதே எலியுத், தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "பாஸ்பேட் எவ்வளவு அண்ணே?" என்று கேட்டான். நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். ஆவில்தாதான் பதில் சொன்னாள்: "அது எனக்குத் தெரியாது தம்பி. பிஷப் உசுரோட இருக்காரு. இன்னொரு அப்பம் எடுத்துக்க." அந்தப் பெருமையில் எனக்கு நெஞ்சு விம்மியது. இனிமேல் பாசியைத் தொடவே மாட்டேன் என்று எல்லார் முன்னாலும் சத்தியம் செய்தேன். மனதாரத்தான் செய்தேன்.

திங்கட்கிழமை காலையில் ஆவில்தா கைப்பையை மறந்துவிட்டுப் பாதி வழியிலிருந்து திரும்பி வந்தாள். நான் தோள்வரை தொட்டிக்குள் இருந்தேன். கையில் அவளுடைய புதுத் துலக்கி.

"எரிபெர்த்தோ!"

"ஓரத்துல மட்டும்" என்றேன்.

ஆகவே ஐயா, அம்மா, உங்கள் வீட்டில் தொட்டியே இல்லை, நமக்கென்ன என்று சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள். நல்லது. ஆனால் மகனுடைய தலைமுடியிலோ, மருமகளின் சமையலிலோ, கட்டியவரின் பேச்சிலோ, வீட்டுக்கே மூச்சு விட்டுக்கொண்டிருக்கிற ஏதோ ஒன்றில், ஓரத்தில் மட்டும், கொஞ்சமே கொஞ்சம் தேய்த்துவிட்டால் சரியாகிவிடும் என்று உங்களுக்குத் தோன்றியதே இல்லையா? இல்லை என்றால் சந்தோஷம். எதற்கும் உங்கள் வலது கைச் சட்டையை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.