மாப்பிள்ளைக்குப் பிடித்த லினக்ஸ்

பெண் பார்க்க வருவதற்கு ஒரே நாள்தான் பாக்கி. பத்ரிநாராயணனின் மயிலாப்பூர் வீட்டில் பஜ்ஜிக்கு வாழைக்காய் வந்துவிட்டது. ஜமக்காளம் உதறியாயிற்று. கம்ப்யூட்டரில் மட்டும் இன்னும் விண்டோஸ்தான் இருந்தது.

"பையனுக்கு லினக்ஸ்னா உசுரு. விண்டோஸ் இருக்கற ஆத்துல பச்சைத் தண்ணிகூட குடிக்க மாட்டானாம்" என்று கொளுத்திப் போட்டுவிட்டுப் போயிருந்தார் தரகர் சந்திரமௌலி.

1999ஆம் வருஷம். கம்ப்யூட்டருக்குப் பூப்போட்ட உறை தைத்து, ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் இட்டு, செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்து தொட்ட காலம். இன்டர்நெட் வருவதற்குள் டெலிபோன் கீச்கீச்சென்று கத்த, அடுத்த வீட்டுக்காரரும் எட்டிப் பார்ப்பார்.

ஏழு ஜாதகங்களை "வேண்டாம்ப்பா" என்று தள்ளிய மகள் வர்ஷினி, ஆதம்பாக்கத்துக் குருபிரசாத்தை மட்டும் "பாருங்கோளேன்" என்றிருந்தாள். இதை விட்டால் வேறு வழியில்லை. தரமணியில் அவளுக்கு ஏதோ வேலை. என்ன வேலை என்று பத்ரிநாராயணன் கேட்டதில்லை.

பாண்டி பஜாரில், மாடியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த ஜீஷானிடம் ஓடினார்.

"லினக்ஸ்ல பல தினுசு கீது சார். உங்களுக்கு இன்னா மாதிரி வோணும்?"

"நம்பகமா இருக்கணும்ப்பா. புதுசா வரவாளை மிரட்டக் கூடாது. நல்ல குணம் வேணும்."

"லினக்ஸ் வாங்க வந்தீங்களா, சம்பந்தம் பேச வந்தீங்களா?"

"ரெண்டும்தான்!"

ஜீஷான் மூன்று சிடிக்களை எடுத்து வைத்தான். "இது ஸ்லாக்வேர். பழைய குடும்பம், எல்லா வேலையும் நீங்களே செஞ்சிக்கணும். இது டெபியன். ரொம்ப ஆசாரம், கேள்வி கேட்டுக்கினே இருக்கும். மொத தபான்னா ரெட் ஹேட். கண்ணை மூடிக்கினு எடுத்துக்கலாம்."

பத்ரிநாராயணன் மூன்றையும் வாங்கினார். எமகண்டத்துக்கு முன் முடித்துவிட வேண்டுமென்று ரெட் ஹேட்டை அவசரமாகப் போட்டார்.

'எல்லாவற்றையும் அழிக்கட்டுமா?' என்று திரை ஆங்கிலத்தில் கேட்டது.

சுபகாரியத்தில் 'இல்லை' என்று சொல்லலாமா? 'ஆம்' என்று தட்டினார்.

"அப்பா, அந்தக் கேள்வியை மட்டும் கொஞ்சம் யோசிச்சு..." என்று இழுத்தாள் வர்ஷினி.

"உனக்கு இதெல்லாம் தெரியாதும்மா."

"எனக்கென்னப்பா தெரியும்!"

விண்டோஸோடு, மனைவி நீரஜா ஆறு மாதமாகத் தட்டி வைத்திருந்த கல்யாண அழைப்புப் பட்டியலும் போயிற்று. கரிய திரையில் 'லாகின்' என்று ஒற்றைச் சொல் நின்றது. பெயரைத் தட்டினார். மறுத்தது. இனிஷியலோடு தட்டினார். அப்போதும் மறுத்தது.

"என் ஆத்துக்குள்ள நுழைய எனக்கே அனுமதி இல்லையா?"

"ஏன்னா, நானூறு அட்ரஸ்! எங்கே அது?" கரண்டியோடு வந்து நின்றாள் நீரஜா.

அவள் கண்ணுக்குப் பயந்து ஸ்லாக்வேரைப் போட்டு, புரியாமல் பாதியில் உருவினார். டெபியனைப் போட்டார்.

"எங்க மாமனார்கூட இவ்வளவு விசாரிக்கலையே!" என்று புலம்பியபடி, கேட்டதற்கெல்லாம் மங்களகரமாக 'ஆம்' என்றார். கடைசியில் கம்ப்யூட்டர் மூச்சுப் பேச்சில்லாமல் கிடந்தது.

ஞாயிறு மாலை குருபிரசாத் வந்தான், அவனை வளர்த்த அத்தை தங்கத்தோடு. மூலையில் பட்டு அங்கவஸ்திரம் போர்த்தியிருந்த கம்ப்யூட்டரை அவன் ஒருமுறை பார்த்தான். பத்ரிநாராயணனுக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"மன்னிச்சுக்கோங்கோ மாப்பிள்ளை! உங்களுக்காக மூணு லினக்ஸ் போட்டேன். ஒண்ணையும் உருப்பட விடலை நான். அதுக்காக எம் பொண்ணை வேண்டாம்னுடாதேள். எது நல்லதுன்னு நீங்களே சொல்லுங்கோ, அதையே போட்டுடறேன்."

குருபிரசாத் திருதிருவென்று விழித்தான். வர்ஷினியைப் பார்த்தான். வர்ஷினி காபித் தட்டைப் பார்த்தாள்.

தங்கம் அத்தை பஜ்ஜியைச் சட்னியில் தோய்த்துக்கொண்டே சொன்னாள்:

"அவனைப் போய்க் கேக்கறேளே! ரெண்டு வருஷமா உங்க பொண்ணுதானே எங்காத்துக்கு வந்து லினக்ஸை ரிப்பேர் பண்ணிண்டிருக்கா!"