சன் ரூம் என்றால் மகன் ரூம்

சங்கரன்கோவிலில் இப்போது யாரைப் பார்த்தாலும் ‘சன் ரூம்’ பேச்சுதான். நாலு பக்கமும் கண்ணாடி, மேலேயும் கண்ணாடி. சித்திரை வெயிலில் மனிதனை அவிக்க இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. ஆனாலும் கடல்ஜோதி சுவாமிகள் சொல்லிவிட்டாரே.

தூத்துக்குடிக் கடலோரத்திலிருந்து வந்து இறங்கியவர் சுவாமிகள். அவர் கண்டுபிடித்த இலக்கணம் இது: “இங்கிலீஷ்ல சன்னுன்னா மகன். சன் ரூம்னா மகன் ரூம். கடலோரத்துப் பங்களா எல்லாத்துலயும் இது இருக்கு. கர்ப்பிணி நாப்பத்தெட்டு நாள் உச்சி வெயில்ல உள்ள உக்காந்தா, பிறக்கது சிங்கக்குட்டி.”

ஊர் வாயைப் பிளந்தது. ஜவுளிக்கடை சங்கரபாண்டியன் இன்னும் அகலமாகப் பிளந்தார். அவர் மகனுக்கு இரண்டும் பெண் குழந்தைகள். மருமகள் யோகலட்சுமிக்கு இப்போது ஐந்தாம் மாதம். பத்தே நாளில் மாடியில் ரூம் எழும்பிவிட்டது.

அந்த ரூமுக்குக் கண்ணாடி பதித்த சுடலைமணி மட்டும் தலையைச் சொறிந்தார். “அண்ணாச்சி, இது சூரியன் சன்னு. தூத்துக்குடில கடலோரம் ஒரு வீட்டுக்கு நான்தான் கண்ணாடி மாட்டுனேன். அவுக காத்து அடிக்காம வெயில் காயதுக்குக் கட்டுனது.”

“நீ கண்ணாடியப் பாரு வே. இங்கிலீஷை சாமி பாத்துக்கிடுவாரு.”

உள்ளே உட்கார வைத்த மூன்றாம் நாள் யோகலட்சுமி உள்ளேயே மயங்கி விழுந்தாள். “மகன் இறங்குதான்” என்றார் சுவாமிகள். கண் விழித்ததும் அவள் கேட்டாள்: “மாமா, எனக்கும் வயித்துப் பிள்ளைக்கும் என்னமும் ஆயிட்டா சாமியா வந்து தூக்குவாரு?” மாமா தண்ணீர்ச் செம்பை நீட்டினார். பெரிய மனசு.

மறுநாள் சுவாமிகளின் எலுமிச்சைச் சோதனை. புளியங்குடிப் பழத்தை நூலில் கட்டி வயிற்றுக்கு நேரே பிடிப்பார்கள். வட்டமாகச் சுற்றினால் ஆண், நேராக ஆடினால் பெண். ஸ்கேன் சென்டரில் இதைச் சொன்னால் ஜெயில். எலுமிச்சம்பழத்துக்கு அந்தச் சட்டம் இல்லை போலும்.

“ஊரே பாக்கும், கூச்சமா இருக்கு. போத்திக்கிட்டு உக்காருதேன்” என்றாள் யோகலட்சுமி. மருமகளின் அடக்கத்தில் மாமனார் பூரித்துப் போனார். கூட்டம் மாடியேறியபோது, தலை முதல் கால் வரை சமுக்காளம் போர்த்திய உருவம் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நாற்காலியில் தயாராக இருந்தது.

பழம் வட்டமடித்தது. “மகனேதான். ரூம் வேலை செய்யுது” என்றார் சுவாமிகள். சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

“பேறுகாலம் எப்ப சாமி?” என்று சமுக்காளத்துக்குள்ளிருந்து ஒரு கட்டைக் குரல் கேட்டது.

வேர்த்து வழிய எழுந்து நின்றார் சுடலைமணி. “சொல்லும். இந்தத் தொப்பை வந்து பத்து வருசம் ஆச்சு.”

சுவாமிகள் அசரவில்லை. “உள்ள இருந்தது ஆம்பளைதான? பழம் சரியாத்தான சொல்லிருக்கு?” கூட்டத்தில் பாதி ஆமாம் என்று தலையாட்டியது. நம் ஜனங்களுக்குத் தலை இருப்பதே ஆட்டுவதற்குத்தான்.

இரண்டு மகள்களையும் கையில் பிடித்தபடி படியேறி வந்தாள் யோகலட்சுமி. மூலையில் இன்னொரு நாற்காலி. அதிலும் போர்வை மூடிய ஒரு சின்ன உருவம். “அப்ப இதுக்குள்ள இருக்கது யாரு சாமி? பழத்தக் கேட்டுச் சொல்லும்.”

பழம் இம்முறை நேராக ஆடியது. “பொம்பளப் பிள்ளை” என்றார் சுவாமிகள். மூத்தவள் போர்வையை இழுத்தாள். உள்ளே பூசணிக்காய்.

சுவாமிகள் செருப்பைக்கூட எடுக்காமல் படியிறங்கிவிட்டார். சங்கரபாண்டியனுக்கு அப்போதும் ஒரு சந்தேகம் மிச்சம் இருந்தது. “அந்தத் தூத்துக்குடி வீட்டுல எத்தனை பையன் வே?”

“மூணும் பொம்பளப் பிள்ளைய அண்ணாச்சி. அந்த ரூமுக்குப் பிளான் போட்டதே மூத்த பொண்ணுதான்.”

இப்போது அந்த ரூமில் கூழ்வத்தல் காய்கிறது. நன்றாகவே காய்கிறது. மகனுக்கும் சூரியனுக்கும் இங்கிலீஷில் சத்தம் ஒன்றுதான், எழுத்து வேறு. சந்தேகம் வந்தால் அகராதியைப் புரட்டலாம். மகளும் பிள்ளைதான் என்று தெரிந்துகொள்ள அகராதிகூட வேண்டாம். மண்டையில் ஒரு ஜன்னல் திறந்திருந்தால் போதும். அதற்குக் கண்ணாடியும் வேண்டாம், சாமியும் வேண்டாம்.