ஒரு மாத்திரை கூடிப்போனது

எனக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு என்று ஒரு காலத்தில் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பு தலைக்கேறிவிட்டது என்று நான் எழுதினால் தயவுசெய்து அதை அணி என்று எண்ணவேண்டாம். உண்மையிலேயே தலையில்தான் ஏறியது. காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை.

அப்போது எனக்கு முப்பத்து மூன்று வயது. வெள்ளவத்தையில் பெண் பார்க்க நாள் குறித்திருந்தார்கள். அதற்கு முன் மூன்று இடங்களில் தட்டிப்போயிருந்தது (மூன்றாவது வீட்டில் பலகாரமே வைக்கவில்லை). இதுவும் தவறினால் தரகர் இனிமேல் போனை எடுக்கமாட்டார் என்று அக்கா சொல்லிவிட்டாள். அன்றோடு நித்திரை போயிற்று. யாராவது கதவைச் சாத்தினால்கூடத் துள்ளி எழுந்தேன்.

டொக்டர் தந்த மாத்திரையை அக்கா வாங்கி ஒளித்தாள். "உந்தக் குளிசை பழகினால் விடாதடா. நாட்டு மருந்து எடு."

கொட்டாஞ்சேனையில் எங்கள் தெருமுனைச் சிங்கள வைத்தியரிடம் போனேன். தலையைத் தொட்டுக் காட்டி, கண்ணைச் செருகி, என் துயரத்தைச் சிங்களத்தில் விளக்கினேன். லேபல் இல்லாத போத்தலில் கறுப்பாக ஏதோ ஊற்றித் தந்தார். காலையும் மாலையும் பூசச் சொன்னார். பூசினேன். சும்மா சொல்லக்கூடாது, நித்திரை வந்தது. எழும்பும்போது தலையணையும் கூடவே எழும்பியது.

வெள்ளவத்தை வீட்டில் மின்விசிறிக்குக் கீழே இருத்தினார்கள். பெண்ணின் அப்பா ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். இரண்டு தரம் மூக்கை உறிஞ்சினார். கதிரையைப் பின்னுக்கு இழுத்தார்.

"தம்பி, குறை நினைக்காதையுங்கோ. நீங்கள் பாவிக்கிறனீங்களோ?"

என் தலையைப் பார்த்தபடி கேட்டதால் எண்ணெய் பாவிக்கிறேனோ என்றுதான் விசாரிக்கிறார் என்று நினைத்தேன்.

"ஓம் அங்கிள். காலமையும் பின்னேரமும். அது இல்லாட்டி நித்திரையே வராது."

"காலமையுமோ?"

"இண்டைக்கு உங்களிட்டை வாறபடியால் கொஞ்சம் கூடப் போட்டனான்."

அக்கா என் காலை மிதித்தாள். அவர் எழுந்தார். "சரி, யோசிச்சுச் சொல்லுறம்." (இதன் பொருளை நான் மூன்று வீடுகளில் கற்றிருந்தேன்.)

அந்த நேரம் தேத்தண்ணீரோடு வந்த பெண், தட்டை நீட்டாமல் என் நெற்றியையே பார்த்தாள். காதல் என்று நினைத்தேன்.

"எறும்பு," என்றாள்.

ஒன்றல்ல, ஊர்வலம்.

"தலைக்கு என்ன வச்சிருக்கிறியள்?"

வைத்தியர் கதையைச் சொன்னேன்.

"அவர் 'கான்ன' எண்டவரோ, 'கன்ன' எண்டவரோ?"

சிங்களத்தில் 'கான்ன' என்றால் பூசு. 'கன்ன' என்றால் எடு, அதாவது குடி. நான் வாரம் முழுக்கத் தலையில் தேய்த்தது அரிஷ்டம். சர்க்கரை போட்டுப் புளிக்கவைத்த, கள்ளைப்போல மணக்கும், குடிக்கிற மருந்து! குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று பள்ளியில் படித்ததுதான். நித்திரை மாத்திரையிலிருந்து தப்பியவனை இந்த மாத்திரை பிடித்துக்கொண்டது.

அவள் சிரித்த சிரிப்பில் தேத்தண்ணீர் தட்டெல்லாம் சிந்தியது. அடுத்த கிழமை சம்மதம் வந்தது.

மாமாவாகிவிட்ட வாத்தியார் மட்டும் இன்னும் விடவில்லை. எந்தக் கல்யாண வீட்டிலும் பந்தியில் இருந்தபடி ஆரம்பிப்பார்:

"பெடியன் குடிகாரனாக்கும் எண்டு பயந்துபோனன். பிறகுதான் விளங்கினது, குடிகாரனுக்காவது வாய் எங்கை இருக்கெண்டு தெரியும்."