துகள் படியாத நாற்காலி

மதிப்பிற்குரிய அறிவியல் அகராதிப் பதிப்பாசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நலமும் தங்கள் அச்சகத்தின் நலமும் நாடுகிறேன். 'துகள்' என்னும் சொல்லுக்கு நான் எழுத வேண்டிய பதிவு தாமதமாவதற்கு என் சோம்பல் காரணமன்று என்பதைத் தயக்கத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

பொருள் எழுதுவதில் சிக்கல் இல்லை: 'மிக நுண்ணிய பருப்பொருள் கூறு'. இயற்பியலார் அணுவின் உட்கூறுகளுக்கும், மருத்துவர்கள் மூச்சில் புகும் தூசிக்கும் இச்சொல்லை ஆள்கிறார்கள் என்பதையும் குறித்துவிட்டேன். எடுத்துக்காட்டு வாக்கியத்தில்தான் மாட்டிக்கொண்டேன். 'அசைவற்ற காற்றில் துகள் எல்லாப் பொருள்மீதும் படியும்' என்று எழுதினேன். சோதிக்காமல் எதையும் எழுதிப் பழக்கமில்லாததால் முன்னறையை ஈரத்துணியால் துடைத்து, சன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்திக் காத்திருந்தேன். மேசைமேல் படிந்தது, வானொலிமேல் படிந்தது, அசையாமல் இருந்ததால் என்மேலும் கொஞ்சம் படிந்தது. காலஞ்சென்ற என் மனைவியின் நாற்காலியில் மட்டும் ஓர் ஆள் உட்காரும் அளவு இடத்தில் படியவில்லை. கண் கோளாறோ என்று மூக்குக் கண்ணாடியை மாற்றினேன், பிறகு நாற்காலியையே மூலைக்கு மாற்றினேன், அங்கும் அப்படியே, சரி, நமக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று கீழ்க்கடைத் தையல்காரரைக் கூட்டிவந்து காட்டினேன், அவர் அளவெடுப்பவர் போலக் குனிந்து பார்த்துவிட்டு, "யாரோ இப்பத்தான் எழுந்து போன மாதிரி இருக்கே சார்... இல்ல, இன்னும் எழுந்து போகலையோ?" என்று சொல்லி, கழுத்திலிருந்து நழுவிய அளவு நாடாவைக்கூட எடுக்காமல் படியிறங்கிவிட்டார். மகளிடம் தொலைபேசியில் சொன்னால், "அப்பா, ஒரு துணிய எடுத்துத் துடைச்சா முடிஞ்சுபோச்சு, இதுக்கு ஒரு ஆராய்ச்சியா? ஞாயித்துக்கிழமை வரேன், அந்த நாற்காலிய தூக்கிப் போட்டுடலாம்" என்கிறாள்.

"அதுல உன் அம்மா இருந்தாள்னா?" என்றேன்.

"அப்பா... சாப்பிட்டீங்களா?"

ஐயா, அந்த வாக்கியம் அச்சேறினால் அங்கே யாருமில்லை என்று நானே எழுதிக்கொடுத்ததாகிவிடும். அதற்கு எனக்குத் துணிவில்லை. ஆகவே இச்சொல்லை வேறொருவரிடம் ஒப்படைக்க வேண்டுகிறேன். தங்கள் அகராதி பிழையின்றி வெளிவரவும், தங்கள் இல்லத்தார் நீடூழி வாழவும் வாழ்த்துகிறேன்.

இங்ஙனம்,
தங்கள் பணிவுள்ள,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்

பி.கு.: மேலே உள்ள எதையும் பொருட்படுத்த வேண்டாம். உறையை ஒட்டுமுன் திரும்பிப் பார்த்தேன். நாற்காலி முழுவதும் ஒரே சீராகப் படிந்திருக்கிறது. மகள் வந்து தாராளமாக எடுத்துப் போகட்டும். தரையில்தான் துகள் விலகிய பாதத் தடங்கள், நாற்காலியிலிருந்து என் முதுகுப்புறம் வரை. இத்துடன் வைத்துள்ள பதிவின் வாக்கியத்தில் 'படியும்' என்பதற்கு முன்னால் 'பெரும்பாலும்' என்று பென்சிலால் சேர்க்கப்பட்டிருக்கும். அதையும் சேர்த்தே அச்சிடுங்கள். என்னிடம் பேனா மட்டுமே உள்ளது.