வால்வு போச்சு

குழாய்க்காரர் முதலாளிக்கு அனுப்பிய மெசேஜ், போனில் அவருக்கு அடுத்த பெயரான மெட்டுக்காரனுக்குப் போய்விட்டது. அதுகூடப் பரவாயில்லை. வாயால் சொன்னதைப் போன் தன் இஷ்டத்துக்கு எழுதியிருந்தது.

அவர் சொன்னது மூன்றாவது மாடி டீச்சர் வீட்டு வால்வைப் பற்றி. போன் எழுதியது இது: "வாழ்வு போச்சு. உள்ளுக்குள்ள முழுக்கத் துரு. இனிமே இறுக்கிப் பிரயோஜனமில்ல. கழட்டி விட்டுட்டுப் புதுசு பாத்துக்க வேண்டியதுதான்."

மெட்டுக்காரன், கல்யாணத்துக்கு முன் அவரோடு ஒரே அறையில் இருந்தவன். வெளிச்சத்தம் வராமலிருக்க அறைச் சுவரெல்லாம் போர்வை தொங்கவிட்டு, நாட்டுப்புற மெட்டில் பாப் பாட்டு போடுகிறவன். இதுவரை போட்ட பதினொரு பாட்டில் ஒன்றைக்கூட அவன் அம்மாவே முழுசாகக் கேட்டதில்லை.

"இவ்வளவு வலியை உள்ள வச்சுக்கிட்டா அண்ணே குழாய் மாட்டிட்டுத் திரியுறீங்க?" என்று கேட்டான்.

பதறிப்போனவர், இனி எழுத்தே வேண்டாம் என்று, அடுப்படியில் நின்றபடி குரலைப் பதிவு செய்து அனுப்பினார். சின்ன வயசிலிருந்தே அவர் நாக்குக்கு 'ழ' வராது.

"அது வால்வு இல்லப்பா, வால்வு!"

அதுவே பல்லவியாகிவிட்டது. அவர் குரலை அப்படியே வைத்து, மெசேஜைச் சரணமாக்கிப் பாட்டை வெளியிட்டான். பத்தே நாளில் முதலிடம். காதலில் தோற்றவர்கள் எல்லாரும் பஸ்ஸிலும் சலூனிலும் அதையே முணுமுணுத்தார்கள். நடுநடுவே வரும் 'டொக்... டொக் டொக்' எந்த ஊர் மேளம் என்று, இசை தெரிந்தவர்கள் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டார்கள்.

தான் வேலை பார்க்கும் தையல் கடையில் அதைக் கேட்ட அவர் மனைவி, வீட்டுக்கு வந்து, பையை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

குழாய்க்காரர் அவளுக்குப் போன் போட்டு, பாட்டில் வருவது பெண்ணே இல்லை, டீச்சர் வீட்டு வால்வு என்று சத்தியம் செய்தார்.

"டீச்சர் கூப்பிட்டு எத்தனை நாள்ல போனீங்க?"

"அன்னைக்கே போயிட்டேனே," என்றார் பெருமையாக. போன் கட்டாகிவிட்டது.

இப்படியே விட்டால் குடும்பம் போய்விடும் என்று ரேடியோவுக்கே போனார். தொழில் ரீதியாக விளக்கினார். பத்து வருஷம் ஒரே இடத்தில் கிடந்தால் எதுவும் இப்படித்தான் ஆகும், அதற்காக யாரையும் குறை சொல்ல முடியாது என்றார். கல்யாணமாகிப் பத்து வருஷம் என்பது வெளியே வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. மெட்டுக்காரன் அந்தப் பேட்டிக்கும் மெட்டுப் போட்டு, இரண்டாம் இடத்தையும் பிடித்துவிட்டான்.

கடைசியில், துருப்பிடித்த அந்த வால்வையே பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு மச்சான் வீட்டுக்குப் போனார். உள்ளே தையல் மெஷின் படபடவென்று ஓடிக்கொண்டிருந்தது. வால்வை மேஜைமேல் வைத்தார்.

"நான் கழட்டி விட்டது இவளத்தான் மச்சான். நல்லாப் பாத்துக்குங்க."

மச்சான் அதைக் கையில் எடுத்து, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, கீழே வைத்தார்.

"மாப்பிள்ளை, வரியெல்லாம் அவ காதுலயே விழல. அந்த டொக் டொக் இருக்கே, அது உங்க வீட்டு அடுப்படிக் குழாயாமே. ரெண்டு வருஷமா ஒழுகுதுன்னு சொல்லிச் சொல்லி அவளுக்குத் தொண்டத் தண்ணி வத்திப்போச்சாம்."