திருக்கைக்குக் குரல் போன மாதம்

கடலே இல்லாத அரியலூரில், ஒரு முழுத் தெருவின் மானத்தையும் கப்பலேற்றிய ஒரே மனிதர் திருக்கைதான்.

வீட்டில் வைத்த பெயர் வேறு. சிமெண்ட் ஆலை ஒன்றின் எடை மேடையில் லாரிகளுக்கு எடை போடுவது அவர் வேலை. நான் அதே ஆலையில் ஸ்டோர் கிளார்க். ரெட்டிபாளையம் போகும் ரோட்டில் ஒரு மாடி அறையில் இரண்டு பேரும் மூன்று வருடம் சேர்ந்து குடியிருந்தோம். வேலை போக மிச்ச நேரத்தில் அவர் ஒரு தொடர்கதையைப் போனில் பேசிப் பதிந்து, கதை கேட்கிற ஆப் ஒன்றில் ஏற்றுவார். நாயகன் ஒரு கடற்கொள்ளைத் தலைவன். இடுப்புக்கு மேலே முறுக்கு மீசை மனிதன், கீழே திருக்கை மீன். கால் இல்லாததால் கப்பல் தளத்தில் வழுக்கிக்கொண்டுதான் போவான். எதிரே நிற்பவன் பொய் சொன்னால் அவனுடைய முள்வால் தானாகத் துடிக்கும். கேப்டன் திருக்கையன் என்று பெயர். அதில் பாதி, படைத்தவருக்கும் ஒட்டிக்கொண்டது.

"கடல் இல்லாத ஊர்ல எதுக்குங்க கடல் கதை?" என்று ஒருநாள் கேட்டேன்.

"சார், இந்த ஊரே ஒரு காலத்துல கடலுக்கு அடியில கெடந்துச்சு. சுண்ணாம்புச் சுரங்கத்துல போய்ப் பாருங்க, கல்லு பூரா சங்கும் நத்தையுமா இருக்கு. நான் ஒண்ணும் புதுசா கொண்டாரல."

இதையும் அவர் கேப்டன் குரலில்தான் சொன்னார். அவருக்கு இருந்ததே அந்த ஒரு குரல்தான் என்று நினைத்திருந்தேன். அடிவயிற்றிலிருந்து கிளம்பி, இடி மாதிரி உருண்டு வரும். "சர்க்கரை கம்மியா!" என்று அவர் முழங்கினால் டீ மாஸ்டர் கையில் கிளாஸ் ஆடும்.

நானோ பயந்த சுபாவம். கேஸை மூடினேனா என்று பஸ்ஸிலிருந்து இறங்கித் திரும்பி வருகிற ரகம். அப்படிப்பட்டவனுக்கு அவர் கொடுத்த வேலை, கடல். காலை ஐந்து மணிக்கு அவர் தலைக்குப் போர்வை போர்த்திக்கொண்டு வசனம் பேசுவார். பக்கத்தில் உட்கார்ந்து நான் வாளித் தண்ணீரில் அலை அடிக்க வேண்டும். பீரங்கி வெடிக்கிற இடத்தில் சுருட்டிய பாயால் சுவரில் ஓங்கி அறைய வேண்டும். ஒவ்வொரு அடிக்கும், கீழ் வீடு எழுந்துவிடுமோ என்று ஜன்னலை எட்டிப் பார்ப்பேன்.

ஒருநாள் எழுந்தேவிட்டது. அன்று கதையில் கப்பல் பாறையில் மோதியது. திருக்கை அலறினார்: "ஓட்டை விழுந்துருச்சு! தண்ணி உள்ள வருது! பொம்பளைங்களை மொதல்ல எறக்குங்கடா!"

மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி உடைந்துவிட்டது என்று வீட்டுக்கார அம்மா கணவரையும் டிவியையும் இழுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினார். அவரைப் பார்த்து எதிர் வீடு ஓடியது. எதிர் வீட்டைப் பார்த்து மொத்தத் தெருவும் இறங்கி நின்றது, பாதிப் பேர் கைலியோடு. மேலே வந்து கதவை இடித்தார் அந்த அம்மா. திறந்தேன்.

"தண்ணி எங்கங்க சார்?"

என் கையில் வாளி இருந்தது.

இந்த ரகளைக்கெல்லாம் பிறகுதான் அந்தக் குரல் கரகரக்க ஆரம்பித்தது. "கடல் காத்து ஒத்துக்கல" என்று திருக்கை சிரித்தார். ஒரு மாதமாகியும் சரியாகவில்லை. தண்ணீர் விழுங்கும்போதும் முகம் சுளிப்பதைப் பார்த்து, நான்தான் விடாமல் நச்சரித்து பெரம்பலூருக்குக் கூட்டிப்போனேன். தொண்டை டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தார். குரல் நாணில் சதை வளர்ந்திருந்தது. அதை எடுத்து, சோதனைக்கு அனுப்பினார்.

"முடிவு வர்ற வரைக்கும் எதுவும் சொல்ல முடியாதுங்க. ஒரு மாசம் வாயே தொறக்கக் கூடாது."

திருக்கை ஒரு காகிதத்தில் எழுதி டாக்டரிடம் நீட்டினார்: 'கப்பல் நடுக்கடலில் நிற்கிறது. என்ன செய்வது?' டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தலை குனிந்துகொண்டேன்.

கப்பலை நான்தான் ஓட்ட வேண்டியதாயிற்று. அவர் எழுதிக் கொடுப்பார், போர்வைக்குள் புகுந்து நான் வாசிப்பேன். வாசிக்க வாசிக்க அந்தச் சோதனை முடிவுதான் மனதில் ஓடும். இரண்டாம் நாளே எடை மேடையில் ஒரு லாரி டிரைவர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"திருக்கையனுக்கு என்னாச்சு சார்? 'சரணடை'ன்னு சொல்லுறப்ப அவனே அழுதுருவான் போல இருக்கு."

வெட்கத்தோடு இதைத் திருக்கையிடம் சொன்னேன். அவர் எழுதிக் காட்டினார்: 'பயப்படுற கேப்டனும் நல்லாத்தான் இருக்கான்.'

சனிக்கிழமை முடிவு வருவதாக இருந்தது. வெள்ளிக்கிழமை, பல் டாக்டரைப் பார்க்கப் போவதாக அவரிடம் சொல்லிவிட்டு, சிறுவாச்சூர் காளி கோயிலுக்குப் பஸ் ஏறினேன். அவர் ஜெயங்கொண்டத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போவதாக எழுதிக் காட்டியிருந்தார்.

கோயில் வரிசையில் மூன்று ஆளுக்கு முன்னால் தெரிந்த முதுகு ஒன்று நின்றது. திரும்பிப் பார்த்தது. திருக்கை!

முள்வால் மட்டும் இருந்திருந்தால் இரண்டு பேருக்கும் துடித்திருக்கும். அவர் போனில் தட்டிக் காட்டினார்: 'பல்லு எப்படி இருக்கு?'

"அக்கா சௌக்கியமா?" என்றேன்.

வரிசையை விட்டு என் பக்கத்தில் வந்து நின்றார். கூட்டம் நெருக்கியபோது என் மணிக்கட்டைப் பிடித்தவர், சன்னதி வரும்வரை விடவில்லை. அந்தக் கை ஐஸ் மாதிரி சில்லிட்டிருந்தது. அதுவரை பயப்படுகிற ஆள் நான் ஒருவன்தான் என்று நினைத்திருந்தேன்.

மறுநாள் பெரம்பலூரில் டாக்டர் உறையைப் பிரித்து, முதல் பக்கத்தைப் படித்து, இரண்டாம் பக்கத்தையும் நிதானமாகப் படித்தார்.

"பயப்பட ஒண்ணும் இல்லங்க. கத்திக் கத்தி வந்த சதை, அவ்ளோதான்."

நான் அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன். நர்ஸ் ஓடிவந்து தண்ணீர் கொடுத்தது நோயாளிக்கு இல்லை, எனக்கு. திருக்கை என் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

மாதம் முடிந்து மறுபடி போனோம். டாக்டர் தொண்டையைப் பார்த்துவிட்டு, "ஆறிடுச்சு. இப்ப பேசலாம். கத்தாம, மெதுவா ஏதாச்சும் சொல்லுங்க பாப்போம்" என்றார்.

கேப்டன் முழங்கப்போகிறார் என்று நான் ஒரு அடி பின்வாங்கினேன். திருக்கை வாயைத் திறந்தார், மூடினார். பிறகு என் பக்கம் திரும்பி, மெலிந்த, கூச்சம் நிறைந்த ஒரு குரலில் கேட்டார்:

"காலையில சாப்டீங்களா சார்?"

மூன்று வருடம் ஒரே அறையில் இருந்தும் அவருடைய சொந்தக் குரலை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன். பதிலை நான்தான் காகிதத்தில் எழுதிக் காட்டினேன்: 'இன்னும் இல்லை.'