மோரா படையும் அம்மாவின் ரோல்ஸும்

அகராதியில் ஒரு சொல்லைத் தேடப் போனால் பக்கத்துச் சொல்லோடு ஓடிப்போய்விடுகிற ஆள் நான். அப்படி ஓடிப்போன சொற்களில் ஒன்று ‘மோரா’. பண்டைய ஸ்பார்ட்டாவில் அது படையின் ஒரு பெரும் பிரிவு. ஸ்பானிய மொழியிலோ பிளாக்பெரிப் பழம். ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இரண்டு அந்நியர் எப்படி ஒரே பெயரில் குடியிருக்கிறார்கள் என்ற யோசனையில் எனக்கு நித்திரை வரவில்லை.

அப்போது ஹனோவரில் சரித்திர ஆசிரியையாகப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தேன். கடைசிப் பரீட்சையில் இரண்டு பரீட்சகர்கள் பின்வரிசையில் இருந்து நான் படிப்பிப்பதைப் பார்ப்பார்கள். தவறினால் ஆசிரியை வேலை கனவில்தான். பாடம் ஸ்பார்ட்டா என்பதால் மோராவைத்தான் துருப்புச் சீட்டாக வைத்திருந்தேன். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பழத்தைக் கொடுத்து, இதே பெயரில் ஈட்டி பிடித்த மோரா எது என்று கேட்பதாகத் திட்டம்.

அம்மாவுக்கு வேறு கவலை. வருகிறவர்களுக்கு என்ன கொடுக்கப்போகிறாய் என்றார். அவர்கள் புள்ளி போட வருகிறார்கள், விருந்துக்கு அல்ல என்றேன்.

“ஆரா இருந்தா என்ன பிள்ளை, வந்த ஆக்களை வெறும் வாயோட அனுப்பேலாது.”

விடிய எழும்பி, மாத்தோலில் கறியைச் சுருட்டி ரோல்ஸ் பொரித்துப் பெட்டியில் தந்தார். (யார் என்ன சாப்பிடுவார்களோ என்று மரக்கறி ரோல்ஸ்!)

பெட்டியைக் காரிலேயே விட்டிருக்கலாம். பிறந்து வளர்ந்தது ஜெர்மனியில்தானே, அந்த அளவு புத்தி இருக்க வேண்டாமா? ஆனால் வகுப்பின் பின்வரிசையில் அந்த இரு பரீட்சகர்களும் ஒரு தேத்தண்ணிகூட இல்லாமல் உட்கார்ந்திருப்பதைக் கண்டதும் எனக்குள் இருந்த யாழ்ப்பாணம் எழும்பிவிட்டது. பெட்டியைத் திறந்து நீட்டினேன்.

பெண் பரீட்சகர் வேண்டாம் என்றார். எங்கள் வீடுகளில் முதல் ‘வேண்டாம்’ கணக்கில் சேராது, அது வெறும் மரியாதை. திரும்பவும் நீட்டினேன். தலையாட்டி மறுத்தார். பாவம், கூச்சப்படுகிறார் என்று ஒரு ரோல்ஸை எடுத்து அவருடைய தாளின் மேலேயே வைத்துவிட்டேன். எண்ணெய் அழகாக ஊறியது.

அவர் பேனாவை மூடினார்.

“நாங்கள் உங்களுக்குப் புள்ளி போட வந்திருக்கிறோம். நீங்கள் சாப்பாட்டைத் திணிக்கிறீர்கள். இந்த நாட்டில் இதற்கு என்ன பெயர் தெரியுமா?” என்று ஜெர்மனில் அமைதியாகக் கேட்டார்.

தெரியும். லஞ்சம். ரோல்ஸை எடுத்துத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தேன்.

முன்வரிசைச் சிறுமி ஒருத்தி, வேண்டாம் என்றவருக்கு ஏன் திரும்பத் திரும்பக் கொடுத்தீர்கள் என்று கேட்டாள். எங்கள் வழக்கத்தைச் சொன்னேன். ஸ்பார்ட்டாக்காரரும் இப்படித்தானா என்றான் பக்கத்துப் பையன். அட, பாடம் தானாகவே வந்து வாசலில் நிற்கிறதே! மோராவில் சண்டையிட்ட குடிமக்கள் பொதுப் பந்தியில்தான் சாப்பிட்டார்கள், தன் பங்கு உணவைக் கொடுக்க முடியாதவன் குடியுரிமையையே இழந்தான் என்றேன்.

“அங்கே கொண்டுவராதவர் வெளியே. இங்கே கொண்டுவந்த நீங்கள் வெளியேயா?” என்றான் அவன்.

வகுப்பு சிரித்தது. அந்தப் பரீட்சகரின் வாயோரமும் கொஞ்சம் அசைந்தது. அதன் பிறகு கேள்வி மேல் கேள்வி. பிளாக்பெரியை நான் மறந்தே போனேன்.

மயிரிழையில் தேறினேன். முடிவைச் சொன்னபின் அந்தப் பெண்மணி, இனிச் சாப்பிட்டால் குற்றமில்லை, பாடம் முழுக்க அந்த மணம் தன்னை வதைத்துவிட்டது என்றார். ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்தேன். இடைவேளையில் பிள்ளைகள் வழித்துத் துடைத்திருந்தார்கள்.

வீட்டில் அம்மா கதை முழுவதையும் கேட்டார். புள்ளியைப் பற்றி மூச்சும் விடவில்லை.

“அப்ப அந்த மனிசி ஒண்டும் வாயில வைக்காமலே போனவவோ?”

இன்றுவரை வீட்டுக்கு வருகிறவர்களிடம் என்னை அறிமுகப்படுத்துவது இப்படித்தான்: “மகள் ரீச்சர். படிப்பிக்கிறதில கெட்டிக்காரி. ஆனா தன்ர சோதினைக்கு வந்த மனிசியைப் பட்டினி போட்டு அனுப்பினவள்.”